எல்லைக்கோட்டுக்கு அப்பால்

யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்தில் என்னோடு தொழில் பார்த்தவர்கள் அதைக் ‘கச்சான் வழக்கு’ என்பார்கள். ஊரில் அதற்குச் ‘சவாரி வழக்கு’ என்று பெயர். ஊரவர்கள் வைத்த பெயரில் கோபம் இருந்தது. மாட்டு வண்டில் சவாரியை நிறுத்துவதற்கென்றே போட்ட வழக்கு என்று அவர்கள் நம்பினார்கள். நாலு வருடம் அந்தக் கோபத்துக்கு முகம் கொடுத்தவன் என்ற முறையில், நடந்ததை முழுதாகச் சொல்லும் கடன் எனக்கு இருக்கிறது.

2013 கார்த்திகையில் ஒரு மழைநாள். கிளாக்கர் மேலே வந்து, “ஐயா, ஒரு அம்மா வந்திருக்கிறா. படி ஏறமாட்டா, நீங்கள்தான் கீழை வரவேணும்” என்றார். கீழே விறாந்தையில், ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு வாங்கில் இருந்தார் அவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு சொப்பின் பை. அதற்குள் கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே படம், நாலாக மடித்த ஒரு சவாரி நோட்டீஸ்.

“சவாரி முடிஞ்சு ரெண்டு வரியம் ஆகப்போகுது ஐயா. இனி வழக்குப் போடேலாது எண்டு சனம் சொல்லுது. உண்மையே?”

நோட்டீஸில் திகதியைப் பார்த்தேன். 2012 தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மிஞ்சியிருந்தது இரண்டு மாதமும் சில நாட்களும். நடுவில் மார்கழி விடுமுறை வேறு. “போடலாம் அக்கா. ஆனால் இண்டைக்கே தொடங்கவேணும்” என்றேன்.

அவர் கணவரை இழந்தவர். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, சவாரி என்று சனம் கூடும் இடமெல்லாம் கச்சான் வறுத்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். அந்த ஞாயிறும் அதிகாலையே வந்து எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறார். சவாரிச் சங்கத்தின் பொருளாளர் வந்து இடக்காசு 300 ரூபா வாங்கிப் போனார். பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை. பின்னேரம் நாலரை மணிக்கு முதற்பிரிவின் கடைசிச் சோடிகள் விடப்பட்டன. முந்தி வந்த வண்டில் எல்லைக்கோட்டைக் கடந்தும் ஓடியது. நுகத்தின் இடப்பக்கத்து நாம்பன் திடீரென்று மற்றதை நெரித்துக்கொண்டு வலப்பக்கம் இழுத்தது. சனம் சிதறியது. அவர் கச்சான் பெட்டியோடு எழுவதற்குள் வண்டில் மேலால் போய்விட்டது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. போதனா வைத்தியசாலையில் தகடு வைத்துப் பொருத்தினார்கள். கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிப் போனது. வறுக்கும் சட்டிக்கு முன்னால் நெடுநேரம் நிற்க இனி முடியாது.

ஓட்டியவர் மீது பொலிஸார் தண்டனைச் சட்டக்கோவையின் 329 ஆம் பிரிவில், கவலையீனத்தால் பாரதூரமான காயம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போனார். அரசுக்குத் தண்டம் கிடைத்தது. அக்காவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் மோதியிருந்தால் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாந்தரப்புக் காப்புறுதி இருந்திருக்கும். மாட்டு வண்டிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முறிந்த கால் ஒன்றேதான். முறித்தது எந்தச் சில்லு என்பதைப் பொறுத்து ஒருவருக்கு மருந்துக் காசு கிடைக்கிறது, ஒருவருக்குக் கிடைக்காமல் போகிறது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

இனி, சவாரியைப் பற்றிச் சொல்லாமல் வழக்கைச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் ரேக்ளா என்கிறார்கள். எங்களுக்கு அது சவாரி. பாரமில்லாத சின்ன வண்டில், நுகத்தில் வலத்தனும் இடத்தனுமாக இரண்டு நாம்பன், அகன்ற வெளி. மாடுகளின் தராதரம் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். வண்டில்களைச் சோடி சோடியாக விடுவார்கள். வென்றது அடுத்த சுற்றுக்குப் போகும். இதை யாரும் விளையாட்டென்று தொடங்கியதாகத் தெரியவில்லை. வண்டில் வேலைக்குரிய பொருள். தோட்டத்துக்கு எருவும் குழையும் ஏற்றியது அதுதான். புகையிலையையும் வெங்காயத்தையும் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனதும் அதுதான். பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்க, பானையும் பிலாக்காயும் குஞ்சு குருமானும் ஏறிப் போனதும் அதே வண்டில்தான். பொங்கிப் படைத்துத் திரும்பும் வழியில், யாருடைய மாடு முந்தும் என்று ஓட்டிப் பார்க்காமல் வந்தவர்கள் குறைவு என்று என் பெரியப்பா சொல்லுவார். அவர் சவாரிக்காரர். வடக்கன் மாடு ஒரு சோடி வைத்திருந்தார். தான் கூழ் குடித்துவிட்டு மாட்டுக்கு உழுந்தும் முட்டையும் கொடுத்தவர். யாழ்ப்பாணத்தான் மனதில் சவாரி எவ்வளவு ஊறியது என்பதற்கு, ‘சிரித்திரன்’ ஆசிரியர் சுந்தர் தினகரனில் வரைந்த கார்ட்டூன் பாத்திரத்துக்குச் ‘சவாரித் தம்பர்’ என்று பெயர் வைத்ததே போதும். அந்தப் பெயரைக் கேட்டதும் ஆளின் நடையும் தலைப்பாகையும் வாசகனுக்குத் தெரிந்துவிடும்.

யுத்தம் அதையும் கொண்டுபோனது. எரிபொருள் தடையிருந்த தொண்ணூறுகளில் வண்டில்கள் மீண்டும் வேலைக்கு வந்தன, ஓட்டத்துக்கு அல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, சவாரி மாடுகளும் மூட்டை முடிச்சு இழுத்துக்கொண்டுதான் போயின. பெரியப்பா தன் சோடியை அந்த வருடத்தோடு இழந்தார். எப்படி இழந்தார் என்று எங்களுக்கு அவர் சொன்னதில்லை.

2009 க்குப் பிறகு சவாரித் திடல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் வழக்குக்குரிய ஊரில் 2010 தையில். கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊர்ப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். பரிசுக்குத் தங்கப் பவுன் அறிவிக்கப்பட்டது. இருபது வருடத்துக்கு மேலாகக் கூடாத சனம் கூடியது. அந்தச் சனத்தின் சந்தோஷத்தை நான் கண்ணால் கண்டவன். ஆகவே, வழக்குப் போட்ட பிறகு அவர்கள் என் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் கோபம் எனக்கு விளங்கியது.

அவர்கள் வந்தது 2014 வைகாசியில். அந்த மாதம் 7 ஆம் திகதிதான் இந்திய உச்ச நீதிமன்றம் நாகராஜா வழக்கில் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்திருந்தது. எங்கள் பத்திரிகைகளிலும் பெரிதாக வந்திருந்தது. எட்டுப் பேர் வந்தார்கள். மூத்தவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே, “தம்பி, அங்கை மறிச்ச மாதிரி இஞ்சையும் மறிக்கப் போறியளோ? உங்கடை பெரியப்பாவே சவாரிக்காரன்!” என்றார். இந்த வழக்கில் மாட்டைப் பற்றியோ சவாரியை நிறுத்தும்படியோ ஒரு வரியும் கேட்கவில்லை, நட்டஈடு மட்டுமே கேட்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. (தமிழ்நாடு 2017 இல் சட்டம் திருத்தியதும், 2023 மே 18 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றதும் பின்கதை.)

அன்று முழுக்க உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, அவர்கள் போன பிறகு வெளியே வந்தார். எண்பத்தொரு வயது. வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எல்லைக்கோட்டுக்கு அங்காலை எவ்வளவு வெளி விட்டவங்கள்?” என்றுதான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

“அதைப் போய் அள மோனை. நாம்பன் கோட்டைப் பாத்து நிக்காது. ஓடுற நாம்பனுக்கு முன்னாலை வெளி வேணும். வெளி இல்லாட்டி அது ஒரு பக்கத்துக்கு இழுக்கும்.”

பழைய திடல்களில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அறுத்த வயல் கிடக்கும். வண்டில் ஒட்டுத்தாளுக்குள் இறங்கும்போது மண் சில்லைப் பிடிக்கும். வேகம் தானாகக் குறையும். அங்கே மாடு பிடிக்கத் தெரிந்த பெடியள் நாலு பேர் நின்று நாணயக்கயிற்றை எட்டிப் பிடிப்பார்கள். வேறு எவரும் அந்தப் பக்கம் நிற்கக்கூடாது. சவாரிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த இந்த ஒழுங்கு ஒரு தலைமுறை இடைவெளியில் கைநழுவிப் போயிருந்தது. பழைய வயல் கைமாறி அதில் வீடுகள் வந்துவிட்டன. புதிய திடல் ஒரு விளையாட்டு வெளியோடு சேர்ந்த தரவை. நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தேன். எல்லைக்கோட்டிலிருந்து தெருவோரத்து மதில் வரை 38 யார். அந்த 38 யாருக்குள்தான் அன்று கூட்டத்தின் பாதி நின்றது. கச்சான், ஐஸ்பழம், கரும்பு எல்லாம் நின்றன.

ஏன் அங்கே நின்றார்கள்? வென்றது யார் என்று பார்க்கும் ஆசையால்தான். எந்த ஓட்டத்திலும் சனம் முடிவிடத்தில்தான் குவியும். அமெரிக்காவில் ‘ஸ்டொக் கார்’ ஓட்டம் என்று ஒரு மரபு இருக்கிறது. கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண காரையே ஓட்டத்துக்குக் கொண்டுவந்தது அது. வேலை வண்டிலைச் சவாரிக்குக் கொண்டுவந்த எங்கள் ஆட்களைப் போல. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் டேடோனா 500 ஓட்டம் 1959 பெப்ரவரி 22 இல் முதன்முதலாக நடந்தபோது, இரண்டு கார்கள் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன. முதலில் ஜோனி போசாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். படங்களை எல்லாம் சேகரித்துப் பார்த்து, மூன்று நாள் கழித்து லீ பெட்டிதான் வென்றவர் என்றார்கள். எங்கள் திடலில் படம் இல்லை. கோட்டருகில் நின்ற கண்கள்தான் சாட்சி. ஆகவே ஒவ்வொருவரும் கோட்டருகில் நிற்க விரும்பினார்கள். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல முடியாது. சங்கம் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சங்கம் பதிவு செய்யப்படாதது. சட்டத்தின் கண்ணில் அது ஒரு ஆள் இல்லை. ஆகவே தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவின் கீழ், மன்றின் அனுமதியோடு, எல்லா அங்கத்தவருக்குமாக எதிராளிகளாக்கினேன். முதலாம் எதிராளி வண்டில் ஓட்டியவர். கேட்ட தொகை 15 இலட்சம்.

வழக்கின் அடிப்படை கவலையீனம். அதற்கு மாற்றாக, உரோம டச்சுச் சட்டத்தில் விலங்கு செய்த சேதத்துக்கு அதன் சொந்தக்காரரைப் பொறுப்பாக்கும் பழைய வழியையும் எழுதியிருந்தேன். அதற்கு முதலாம் எதிராளி கொடுத்த மறுமொழி: இடப்பக்கத்து நாம்பன் தன்னுடையதல்ல, சவாரிக்கென்று மச்சானிடம் வாங்கிக் கட்டியது. மச்சானோ அதைத் தான் முன்னமே வாய்ப்பேச்சில் அவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். இந்த இடத்தில் எனக்குத் தேசவழமை ஞாபகம் வந்தது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்த நூலில் மாடு விற்பதற்கும் விதி உண்டு: மாட்டை அதன் காய்ந்த சாணத்தோடு வாங்குபவர் கையில் கொடுத்தால், அதுவே விற்பனைக்கு அத்தாட்சி. இன்றைய மன்றில் அதைச் சொல்லி வெல்ல முடியாது. ஆனாலும் மாட்டின் உரிமை பற்றி முந்நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த ஒரு சமூகம், மாடு மிதித்த மனிதர் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருக்காது என்றே நான் நம்பினேன். மச்சான்மாரின் சண்டையை நீதிபதி கடைசியில் தீர்க்க வேண்டிய தேவை வரவில்லை.

அதற்குக் காரணம் ஒரு தடி. சம்பவம் நடந்த பின்னேரமே அரச கால்நடை வைத்தியர் அந்த நாம்பனுக்கு மருந்து போட்டிருந்தார். அவருடைய பதிவேட்டில், இடப்பக்க விலாவில் ஆணி குத்தியது போன்ற ஏழு புதிய காயம் என்று இருந்தது. நுனியில் ஆணி அறைந்த தடி. எல்லைக்கோட்டை அண்மித்ததும் ஓட்டியவர் அதால் குத்தியிருக்கிறார். குத்துப்பட்ட மாடு நோவுக்கு விலகி வலப்பக்கம் இழுத்திருக்கிறது. பெரியப்பா மாட்டின் வாலைக்கூட முறுக்காமல் ஓட்டியவர். அந்தப் பதிவேட்டை அவருக்கு வாசித்துக் காட்டியபோது எழுந்து உள்ளே போய்விட்டார். மிருகவதைக்கு எங்களிடம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதில் உச்சத் தண்டம் நூறு ரூபா, மறியல் மூன்று மாதம். புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் எழுதிக் கொடுத்தும் பழைய நூறு ரூபாச் சட்டத்தோடுதான் நாங்கள் மன்றில் நின்றோம். சவாரியைக் காக்க விரும்புகிறவர்கள் முதலில் கையில் இருந்து எறிய வேண்டியது அந்த ஆணித் தடியைத்தான்.

சங்கத்துக்காகக் கொழும்பிலிருந்து ஒரு மூத்த சட்டத்தரணி வந்தார். சட்டம் ஆழமாகத் தெரிந்தவர். அவர் கையில் இரண்டு ஆங்கிலத் தீர்ப்புகள்.

முதலாவது புரூக்லண்ட்ஸ். இங்கிலாந்தில் 1907 இல் திறந்த கார் ஓட்டத்தடம். 1930 மே மாதம் அங்கே இரண்டு கார்கள் முட்டி, ஒன்று கம்பித் தடுப்புக்குள் பாய்ந்தது. உயிர்ச்சேதம். காயப்பட்ட பார்வையாளர் ஹோல் என்பவர் வழக்குப் போட்டார். ஜூரி அவருக்குச் சார்பாகச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. இருபத்துமூன்று வருடத்தில் ஒரு காரும் அப்படிப் பாய்ந்ததில்லை, ஆகவே அதை எதிர்பார்த்திருக்க முடியாது என்றார்கள். கார் ஓட்டம் பார்க்கப் போகிறவன் அதன் அபாயத்தைத் தெரிந்தே போகிறான் என்றார்கள். இந்த வழக்கில்தான் நீதியரசர் கிரீர், கிளப்பம் பஸ்ஸில் பயணம் செய்யும் சாதாரண மனிதனை நியாயத்துக்கு அளவுகோலாகச் சொன்னார். இரண்டாவது 1962 இன் வூல்ட்ரிஜ் வழக்கு. குதிரைக் காட்சியில் திடலோரம் இருந்த படப்பிடிப்பாளரைக் குதிரை இடித்துவிட்டது. போட்டி மும்முரத்தில் போட்டியாளர் விடும் பிழைக்குப் பார்வையாளர் நட்டஈடு கேட்க முடியாது, பார்வையாளரின் பாதுகாப்பை அவர் அடியோடு பொருட்படுத்தாமல் நடந்திருந்தால் மட்டுமே கேட்கலாம் என்பது தீர்ப்பு.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டும் நல்ல தீர்ப்புகள். புரூக்லண்ட்ஸ் தீர்ப்பின் உயிர் அந்த இருபத்துமூன்று வருடத்தில் இருந்தது. எங்கள் திடலிலும் முன்பு ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான் தோற்றேன். நடந்திருந்தால்? ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் அரைகுறை ஞாபகம்: “முதல் வரியம் ஒரு வண்டில் சைக்கிளுகளுக்கு மேலாலை போனதெண்டு கதைச்சவை.” கதை சாட்சியம் ஆகாது.

சங்கத்தின் கூட்டக் கொப்பியையும் கணக்குக் கொப்பியையும் மன்றில் சமர்ப்பிக்கும்படி செயலாளருக்கு அழைப்பாணை எடுத்தேன். செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரும் எதிராளிகளில் ஒருவர். தன்னைத் தானே கட்டும் கயிற்றைக் கொண்டுவரும்படி ஒருவரைக் கேட்பது போல இருந்தது. கொப்பி தொலைந்தது, கறையான் அரித்தது என்று சொல்லியிருக்கலாம். இடம்பெயர்ந்து வந்த ஊரில் அதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். ஒரு தாளைக் கிழித்தால் போதும்.

2016 ஆடித் தவணையில் அவர் இரண்டு கொப்பியையும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

கூட்டக் கொப்பியில் 2011 மார்கழி நாலாம் திகதிக் குறிப்பு. பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவது போன்ற அழகான எழுத்து. 2010 இல் ஒரு வண்டில் எல்லை தாண்டிச் சைக்கிள் நிரைக்குள் புகுந்ததைக் கவனத்தில் எடுத்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் இரு புறமும் கம்பியடித்துச் சனத்தை விலக்குவதென ஏகமனதாகத் தீர்மானம். கணக்குக் கொப்பியில் 2012 தை மாதம்: ஒலிபெருக்கி, நோட்டீஸ், பந்தல், பவுன், சோடா. கம்பி இல்லை. வரவுப் பக்கத்தில் ஒரு வரி: ‘கச்சான், இடக்காசு 300’.

அந்த ஒரு வரி பெரிய வேலை செய்தது. எதிர்த்தரப்பு அதுவரை, அவர் தன் வயிற்றுப்பாட்டுக்காகத் தானாக வந்து இருந்தவர், அவரைப் பொறுத்தமட்டில் சங்கத்துக்கு ஒரு கடப்பாடும் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தது. காசு வாங்கி இடம் கொடுத்தவர்கள் அதற்கு மேல் அப்படிச் சொல்ல முடியவில்லை.

செயலாளரை நான் குறுக்கு விசாரணை செய்தேன். எழுத்து உங்களுடையதா என்றேன். ஓம் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீதிபதிதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “தீர்மானம் எடுத்தும் ஏன் கம்பி அடிக்கவில்லை?”

“காசு போதாமல் போச்சுது ஐயா. பவுனை நோட்டீஸிலை அடிச்சுப் போட்டம், குறைக்கேலாது. கம்பிக்குத்தான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கேல்லை.”

மன்றில் ஒரு சத்தமும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த மூத்தவர் எழவில்லை.

என் கட்சிக்காரியின் சாட்சியத்தையும் சொல்லத்தான் வேண்டும், அது எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும். கடைசிச் சோடி விடுவதற்கு முன் பெட்டியை முன்னுக்கு நகர்த்தினீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். இதை நான் முன்கூட்டி அவரிடம் பேசி வைக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: “ஓம் ஐயா, அஞ்சு யார் மட்டிலை நகர்த்தினனான். சனம் அங்கைதான் நிண்டது. கடைசிச் சவாரியோடை யாவாரம் முடிஞ்சிடும்.” 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வருவதற்கு முன்னராக இருந்தால், அந்தப் பதிலே வழக்கை முழுதாக விழுத்தியிருக்கக்கூடும். பாதிக்கப்பட்டவரிடமும் பங்குப் பிழை இருந்தால் அந்தப் பங்கை மட்டும் கழித்து மிகுதியைக் கொடுக்கலாம் என்று சொன்னது அந்தச் சட்டம்தான்.

தொகுப்புரையில் வூல்ட்ரிஜ் தீர்ப்புக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஓடும் குதிரையில் இருப்பவனுக்கு யோசிக்க ஒரு கணம் இல்லை. அந்தத் தீர்ப்பு அவனுக்கு இரங்கியது சரி. இந்தச் சங்கத்துக்கு 2011 மார்கழி 4 முதல் ஏழு வாரம் இருந்தது. முடிவு எடுக்கப்பட்டது ஓட்டத்தின் மும்முரத்தில் அல்ல, மேசையைச் சுற்றி இருந்து தேநீர் குடித்துக்கொண்டு. கிளப்பம் பஸ்ஸின் மனிதனை இங்கே பருத்தித்துறை பஸ்ஸில் ஏற்றினால், ஒரு முறை வண்டில் பாய்ந்த இடத்தில் அவன் தன் பிள்ளையை நிறுத்துவானா என்று மன்று கேட்கட்டும் என்றேன்.

2017 ஐப்பசியில் தீர்ப்பு. சங்கம் அபாயத்தை அறிந்திருந்தது, எழுத்தில் அறிந்திருந்தது. புரூக்லண்ட்ஸ் தீர்ப்பு இங்கே எதிர்த்திசையில் பேசுகிறது என்றார் நீதிபதி. ஆணித் தடியால் முடிவிடத்தில் மாட்டைக் குத்தியவர், எதிரே நின்ற சனத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே வூல்ட்ரிஜ் தீர்ப்பின்படி பார்த்தாலும் அவர் தப்ப முடியாது என்றார். பார்வையாளர் ஓட்டத்தின் அபாயத்தை ஏற்கலாம், ஒழுங்கு செய்தவர்களின் கவலையீனத்தை அவர் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்றார். நட்டஈடு 750,000 ரூபா. அதில் வழக்காளியின் பங்குப் பிழைக்குப் பத்தில் ஒன்று கழித்து, 675,000 ரூபாவை எதிராளிகள் நால்வரும் கூட்டாகவும் தனியாகவும் கொடுக்க வேண்டும்.

மேன்முறையீடு செய்யவில்லை. செயலாளர் அதை விரும்பவில்லை என்று பின்னர் அறிந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பகுதியை அனுப்பினார்கள். மிகுதியைச் சங்கத்தார் வீடு வீடாகச் சேர்த்தார்கள்.

2018 தையில் அந்த ஊரில் சவாரி இல்லை. ஊர் என்னைத் திட்டியது. 2019 இல் மீண்டும் வைத்தார்கள். தொடக்கக் கோட்டைத் திருப்பிப் போட்டு, முடிவிடத்துக்கு அப்பால் 90 யார் வெளி விட்டு, இரு புறமும் கம்பியடித்து, மாடு பிடிக்கும் பெடியளை மட்டும் உள்ளே விட்டார்கள். பெரியப்பாவைக் கதிரையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் வண்டில்களைப் பார்க்கவில்லை. எல்லை தாண்டிய மாடுகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கம்பிக்கு வெளியே கச்சான் வைத்திருந்தார். வறுத்துக் கொடுத்தது மகள்.

2024 ஏப்ரல் 21 ஞாயிறு, தியத்தலாவையில் 1993 இல் தொடங்கிய ஃபொக்ஸ்ஹில் கார் ஓட்டத்தில் ஒரு கார் தடத்தை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கண் காரில் நிற்கவில்லை. சனம் எவ்வளவு கிட்ட நின்றது என்பதைத்தான் கண் தேடியது. 1955 இல் பிரான்சின் லெமான் ஓட்டத்தில் எண்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற விபத்திலும் சனம் தடத்துக்குக் கிட்டத்தான் நின்றது. கம்பி மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2013 பெப்ரவரியில் டேடோனாவில் ஒரு கார் வேலிக்கம்பியில் மோதிச் சிதறி, அதன் துண்டுகள் கம்பியைக் கடந்து போய் இருபத்தெட்டுப் பேரையாவது காயப்படுத்தின. கம்பியோடு தூரமும் வேண்டும்.

தையில் சவாரி வைக்கப்போகும் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன், எல்லைக்கோட்டில் நின்று அப்பால் எத்தனை யார் வெளி இருக்கிறதென்று நாடாப் பிடித்து அளந்து பாருங்கள். அந்தக் கணக்கைக் கூட்டக் கொப்பியில் எழுதுங்கள். கம்பிக்கும் கட்டைக்கும் உரிய காசைப் பவுனுக்கு முன்னர் ஒதுக்கி வையுங்கள்.